பேட்டரிப் பெட்டி மேல் உட்கார்ந்த மாப்பிள்ளை

என் மனைவியின் ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ஒரு டப்பா நிறைய எள்ளுருண்டை கொடுத்து அனுப்புவார்கள். எனக்கு அது உயிர் என்று அந்த வீட்டுப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் வாங்கிக்கொள்வேன். வாங்கும்போது இன்றைக்கும் என் காது மடல் சூடாகிவிடும். உண்மையில் எனக்கு எள்ளுருண்டை பிடிக்காது.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். புதுக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தேன். முன்னால் நின்று வியாபாரம் பேச எனக்கு வாய் வராது என்று முதலாளி சீக்கிரமே கண்டுகொண்டார். உள்ளறையில் உட்கார்ந்து வேட்டி, துண்டுகளை மடித்து அடுக்கும் வேலையைக் கொடுத்தார். அது எனக்குத் தோதாக இருந்தது.

எனக்குக் கல்யாணம் ஆனபோது சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பெண் வீடு அரிமளம் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். கடலையும் கேழ்வரகும் போடும் குடும்பம். அந்த வீட்டில் ஒரு பழைய கார் இருந்தது. சமஸ்தான காலத்தில் யாரோ பெரிய மனிதர் வைத்திருந்து கழித்துவிட்ட வண்டி.

வெள்ளாமை செய்யும் சம்சாரி வீட்டுக்குக் கார் எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். காரணம் என் மனைவியின் அண்ணன். அவர் வாலிபத்தில் யாரிடமும் சொல்லாமல் கொழும்புக்குப் போய்விட்டவர். தேடிப் பிடித்து அழைத்து வருவதற்குள் என் மாமியார் பாதி ஆளாகிவிட்டார். மகனுக்கு இயந்திரங்களின் மேல்தான் ஆசை என்று தெரிந்து, மறுபடி ஓடாமல் இருக்கட்டும் என்று மாமனார் அந்தக் காரை வாங்கிப் போட்டார். கல்யாணங்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வாடகைக்குப் போகும்.

ஆனால் அது ஓடிய நாளைவிட நின்ற நாள்தான் அதிகம். பேட்டரி டிரைவர் காலடியில், தரைப் பலகைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். அந்த ஊருக்குப் போக ஒரு காட்டாற்றுக்குள் இறங்கி ஏற வேண்டும். அங்கே உள்ள கல் அடித்து ஒரு பேட்டரி உடைந்தது. மழைக்காலத்தில் சேறு ஏறி இன்னொன்று செத்தது. இனி ஒரு தடவை வண்டி மக்கர் செய்தால் விற்றுவிடுவேன் என்று மாமனார் சொல்லிவிட்டார். வண்டி போனால் நானும் கப்பல் ஏறிவிடுவேன் என்று மகன் சொன்னார். இரண்டு பேருமே சொன்னால் செய்கிறவர்கள். நடுவில் என் மாமியார் இருந்தார்.

அதனால் மச்சான் ஒரு யோசனை செய்தார். பேட்டரியை வண்டிக்குள்ளேயே கொண்டுவந்துவிடுவது என்று. நல்ல தேக்குப் பலகையில் ஆசாரி ஒரு பெட்டி செய்தார். முன் சீட்டின் முதுகை ஒட்டி, பின் சீட்டைப் பார்த்தாற்போல அதை வைத்து, தரைப் பலகையில் துளை போட்டு ஒயர்களை மேலே இழுத்தார்கள். பேட்டரியிலிருந்து ஆவி வரும், அது வெளியேற வழி வேண்டும் என்று புதுக்கோட்டையில் சார்ஜ் ஏற்றுகிறவர் சொல்லி அனுப்பியிருந்தார். பெட்டியின் பக்கவாட்டில் போட வேண்டிய துளைகளை, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று மூடியின் மேலே பூப்போலப் போட்டார் ஆசாரி. அதன் மேல் ஓர் இலவம்பஞ்சு மெத்தை. பெண்ணும் மாப்பிள்ளையும் போகிற வண்டி என்று, மெத்தையின் உறையை மாமியார் மஞ்சளில் முக்கிக் காயவைத்துத் தைத்திருந்தார். ஓர் ஆள் கூடுதலாக உட்காரலாம். உள்ளே பேட்டரி இருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அந்தப் பெட்டி வைத்த பிறகு வண்டி போன முதல் பயணம், எங்களை மறுவீட்டுக்கு அழைத்துப்போனதுதான்.

மச்சான் காலையிலேயே புதுக்கோட்டை வந்து, நின்றுவிடக் கூடாது என்று பேட்டரியில் தண்ணீரைக் கழுத்து வரை ஊற்றி, சார்ஜ் ஏற்றி எடுத்து வந்திருந்தார். பின்னால் என் மனைவியும் அழைக்க வந்த இரண்டு அத்தைகளும். நான் முன்னால். அரிமளம் பிரிகிற இடத்தில் என் மனைவியின் பெரியப்பா துணிப்பையோடு நின்றார். அவர் கைகாட்டுவதற்கு முன்பே நான் இறங்கி முன் சீட்டை அவருக்கு விட்டுவிட்டேன். யாரும் கேட்கவில்லை. பெரியவர்கள் நிற்கும்போது என்னால் உட்கார்ந்திருக்க முடியாது. பின்னால் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் திரும்பிப் பார்த்து, "அந்த மெத்தையில ஒக்காருங்க மாப்ள. இந்த வண்டியிலேயே அதுதான் சொகுசு" என்றார்.

உட்கார்ந்தேன். எதிரே மூன்று பெண்கள். என் முழங்காலுக்கும் மனைவியின் முழங்காலுக்கும் இடையில் ஒரு சாண் இருந்தால் அதிகம். அவள் சன்னலைப் பார்த்தாள். நான் மெத்தையின் ஓரத்தைப் பார்த்தேன்.

பெரியப்பா ஏறியதும் பேச்சைத் தொடங்கிவிட்டார்.

"ஒங்கப்பன் நேத்தும் சொன்னான்டா. இந்தப் பொட்டியும் பல்லை இளிச்சுச்சுன்னா, வண்டியக் கொண்டுபோயி திருச்சியில தள்ளிருவேன்னு. நீ கப்பல் ஏறுறதுன்னா ஏறிக்கன்னுட்டான். ஒங்காத்தா கஞ்சி குடிக்கல."

"இளிக்காது பெரியப்பா" என்றார் மச்சான். "மாப்ளயே அது மேலதான் ஒக்காந்திருக்காக. கேட்டுப் பாருங்க."

பெரியப்பா திரும்பிப் பார்த்தார். பெண்களும் பார்த்தார்கள். "நல்லா இருக்குங்க" என்றேன். அந்தப் பயணத்தில் நான் பேசியது அவ்வளவுதான்.

காட்டாற்றில் வண்டி இறங்கி, கற்களின் மேல் குதித்து ஏறியது. ஏறிய கொஞ்ச நேரத்தில் எனக்கு அடியில் குளிர்ந்தது. முதலில் வியர்வை என்று நினைத்தேன். பிறகு அது பரவியது. அதோடு அழுகின முட்டை மாதிரி ஒரு வாடை. அத்தைகளில் ஒருவர் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டார். இன்னொருவர் என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காதது போல வெளியே திரும்பினார். ஈரம் இப்போது அரிக்கத் தொடங்கியது. வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். எழுந்து குனிந்தாவது நின்றிருக்கலாம். இப்போதுதானே நல்லா இருக்கு என்று சொன்னோம் என்று நினைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

வாசலில் ஆலத்தி எடுக்க நிறுத்தினார்கள். நாங்கள் இரண்டு பேரும் வீட்டைப் பார்த்து நின்றோம். கார் வந்திருக்கிறது, மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்று பாதி ஊர் எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றது. என் வேட்டி பளிச்சென்ற வெள்ளை. அதில் பின்பக்கம், மஞ்சள் உறையின் சாயத்தோடு, ஓர் ஈரத் திட்டு. அதை நான் பார்க்கவில்லை. ஆனால் பின்னால் பேச்சு சட்டென்று நின்றதிலிருந்து தெரிந்துகொண்டேன். ஒரு பெண் சிரிப்பை அடக்கினாள். வயதான ஒரு குரல், "சும்மா இருங்கடி. பாவம், தூரத்துப் பயணம்ல" என்று அதட்டியது. அந்த இரக்கத்தை என்னால் தாங்க முடியவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பின்னால் தொங்கவிட்டுக்கொண்டேன். அது இன்னும் மோசம். எனக்கே தெரியும் என்று ஆகிவிட்டது.

சொல்லிவிட வேண்டும் என்று திரும்பினேன். அப்போது மாமனார் காரின் பக்கத்தில் நின்றிருந்தார். "எங்கேயும் நிக்கலியா?" என்று மகனிடம் கேட்டார். இல்லை என்றார் மச்சான். மாமனார் பானெட்டின் மேல் கையை வைத்து, "பரவால்லையே" என்றார். மச்சானின் முகத்தைப் பார்த்தேன். மாமியார் ஆலத்தித் தட்டோடு அந்த இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய் வேட்டியை மாற்றினேன். தொடை சிவந்து எரிந்தது.

மதியம் இலையில் எல்லாம் பரிமாறிய பிறகு, ஓரத்தில் இரண்டு எள்ளுருண்டை வந்து விழுந்தன. மறுவீட்டு விருந்தில், திதிக்கு ஆகிற எள்ளை யாரும் கண்ணில் காட்ட மாட்டார்கள். சாயங்காலம் பலகாரத் தட்டிலும் இரண்டு. மறுநாள் காலையிலும் வந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. என் தம்பி சின்ன வயதில் பாயை நனைத்துக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டிலும் இதைத்தான் கொடுத்தார்கள். அந்த வீட்டுச் சிறுபிள்ளைகள் தட்டைப் பார்ப்பதும் ஒருவரையொருவர் கிள்ளிக்கொள்வதுமாக இருந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு தின்றேன். மனைவி என்ன நினைக்கிறாள் என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

அடுத்த நாள் அவள் என் துணிகளைக் கண்மாய்க்கு எடுத்துப்போனாள். திரும்பி வந்தபோது அந்த வேட்டியை மட்டும் தனியாகச் சுருட்டி வைத்திருந்தாள். என் முன்னால் விரித்தாள். உட்காரும் இடம் சல்லடையாக இருந்தது. நாள் முழுக்க வேட்டிகளோடு கிடப்பவன் நான். அது கிழிசல் இல்லை. நூல் வெந்து, தொட்டால் பொடியாக உதிர்ந்தது.

"எங்க அண்ணன் நிஜாருல இதே மாதிரி ஓட்டை இருக்குங்க. பேட்டரி ஆசிட்டுதான்" என்றாள். "நீங்க ஏங்க சொல்லல?"

அவள் வேட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். தாயும் மகளும் பேசுவது கேட்டது. பிறகு மகளின் குரல் உயர்ந்தது, தாயின் குரல் கேட்கவில்லை. எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. இனி எல்லோருக்கும் தெரிந்துவிடும், நான் ஒரு வார்த்தை பேசாமலே தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

என் மாமியார் அதுவரை என் எதிரே வந்ததில்லை. மாப்பிள்ளை முன்னால் வராத காலம் அது. எதுவானாலும் கதவுக்குப் பின்னால் நின்று, யாரிடமோ சொல்வதுபோலத்தான் சொல்வார். அன்று மத்தியானம் கதவுக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது. வீட்டில் வேறு ஆள் இல்லை.

"மாப்பிள்ளை" என்று நேராகவே கூப்பிட்டார். "வேட்டியப் பாத்தேன். ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல. எம் மகன் வேலை."

நான் எழுந்து நின்றேன்.

"அவுகளுக்குத் தெரிஞ்சா இன்னைக்கே வண்டிய வித்துருவாக. அவன் நிக்க மாட்டான். ஒரு தடவ போயிட்டு வந்தவன்." வளையல் மறுபடி குலுங்கியது. "அந்த வேட்டிய நான் அடுப்புல வச்சுட்டேன் மாப்பிள்ளை. நீங்க பெரிய மனசு பண்ணணும்."

"சரிங்க அத்தை" என்றேன். வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று இத்தனை வருஷமாக யோசித்திருக்கிறேன். பெரிய மனசு என்று அவர் சொன்னார். எனக்கு அப்படி எதுவும் இருந்ததாகத் தோன்றவில்லை. மறுத்துப் பேச நாக்கு எழவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு ராத்திரி இலையில் எள்ளுருண்டை வராது என்று நினைத்தேன். வந்தது. மாமனார் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார். திடீரென்று நின்றால் அவர் ஏன் என்று கேட்பார் அல்லவா? கதவிடுக்கில் மாமியாரின் சேலை தெரிந்தது. நான் எடுத்துத் தின்றேன். முன்பாவது அவர் அறியாமல் கொடுத்தார். இப்போது எனக்கும் அவருக்கும் தெரிந்தே அந்த உருண்டை வந்தது. எது அதிக வெட்கம் என்று சொல்லத் தெரியவில்லை.

அறைக்குள் வந்ததும் மனைவி கேட்டாள்: "எங்க அண்ணனுக்காக நீங்க எதுக்கு எள்ளுருண்டை திங்கணும்?" அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. நான் கையில் மறைத்துக்கொண்டு வந்திருந்த இன்னொன்றைப் பிடுங்கி அவளே வாயில் போட்டுக் கடித்தாள். அவளுக்கு என்மேல் கோபமா, அவள் தாயின் மேலா என்று அப்போது தெரியவில்லை. அன்றிலிருந்துதான் நாங்கள் பேசிக்கொள்ளத் தொடங்கினோம்.

மச்சானுக்கும் தாய் சொல்லியிருக்க வேண்டும். காரைத் துடைத்துக்கொண்டே, என் பக்கம் பார்க்காமல், "ஓட்டையப் பக்கத்துல போட்டு, மூடியப் புதுசா மாத்தியாச்சு மாப்ள" என்றார். மன்னிப்பு என்று கேட்டது அதுதான். அவர் சக்கரத்தைத் துடைக்கப் போய்விட்டார்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் மாமனார், தன் மூட்டு வலிக்கு வைத்தியரைப் பார்க்கப் போவதாகவும் நான் துணைக்கு வந்தால் நல்லது என்றும் சொன்னார். திருமயத்துக்குப் போனோம். வைத்தியர் மூட்டைத் தொடக்கூட இல்லை. என் நாடியைப் பிடித்துக்கொண்டு, எத்தனை நாளாக இப்படி என்றார். மாமனார் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைவிட அவருக்குக் கூச்சம்.

"அன்னைக்கு மட்டுந்தாங்க" என்றேன்.

"ஆரம்பம் அப்படித்தான் இருக்கும்" என்று ஒரு சூரணப் பொட்டலம் கொடுத்தார் வைத்தியர். திரும்பி வந்து இறங்கும்போது மாமனார், "எம் மகளுக்கு இதெல்லாம் ஒரு கொறையா தெரியாது மாப்ள" என்றார். எனக்கு ஆறுதல் சொல்ல நினைத்திருக்கிறார். தோளில் கை வைத்தார். பானெட்டின் மேல் வைத்த அதே கை.

பிறகு அந்தக் கார் நல்லபடியாகவே ஓடியது. தேய்ந்து போன பிறகு, யாரும் சண்டை போடாமல் அதை விற்றார்கள். அதற்குள் மச்சானுக்குக் கல்யாணம் ஆகி, பஸ் கம்பெனியில் டிரைவர் வேலையும் கிடைத்துவிட்டது. கொழும்பு என்ற பேச்சே வரவில்லை. நான் போகும்போதெல்லாம் எள்ளுருண்டை வரும். மாமியார் அதைப் பிடிப்பதை மட்டும் வேறு யாரிடமும் விட மாட்டார். பொறுக்கின எள், நல்ல வெல்லம், ஏலக்காய் போட்டுப் பிடிப்பார். என் கண்ணைப் பார்க்காமல் வைப்பார்.

மாமனார் படுக்கையில் விழுந்தபோது போயிருந்தேன். மச்சான் வாசலில் பிள்ளைக்குச் சைக்கிள் விடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் உள்ளே கேட்டது. மச்சான் இனி எங்கும் போக மாட்டார். சொன்னால் இழப்பதற்கு யாருக்கும் எதுவும் இல்லை. வழியில் பஸ்ஸிலேயே வார்த்தைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு வந்திருந்தேன். மாமனாரைப் பார்க்க ஆசையாக வந்தேனா, இதைச் சொல்ல வந்தேனா என்று கேட்டால் பதில் சொல்லக் கூசுகிறது.

நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவர் கண்ணைத் திறந்தார். அறையில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

"அந்த ஒடம்பு இப்ப எப்படி இருக்கு மாப்ள?"

இத்தனை வருஷம் அவர் அதை யாரிடமும் பேசாமல் எனக்காகக் காப்பாற்றி வைத்திருந்திருக்கிறார். சேர்த்து வைத்த வார்த்தைகளில் ஒன்றும் வரவில்லை.

"இப்பத் தேவலைங்க மாமா" என்றேன்.

அவர் தலையை அசைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று எழுந்தேன்.

"எள்ளை விட்றாதீங்க" என்றார்.

சரிங்க மாமா என்றேன்.