எல்லைகளோடு சண்டை போட்ட வக்கீலம்மா

ஆரணி நீதிமன்ற வளாகத்தில் நான் வாதாடும் வழக்கு எப்போது வரும் என்று காத்திருந்தபோது தரணேந்திரன் போன் செய்தார். வக்கீல் விஜயகுமாரியின் தம்பி. "அக்கா போயிட்டாங்க. காலையில காப்பி கேட்டாங்க, கொண்டாறதுக்குள்ள..." என்றார். வாய்தா வாங்கிக்கொண்டு விஜயகுமாரியின் வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் எனக்குத் துக்கத்தைவிட ஆத்திரமே மேலோங்கியிருந்தது. ஒரே ஒரு வழக்கை நெஞ்சில் சுமந்துகொண்டே அந்த அம்மாள் போய்விட்டார். அதை இழுத்தடித்தவர்களுக்கு இந்தச் சாவுச் செய்திகூடப் போயிருக்காது.

இரங்கல் கூட்டத்தில் ஒருவர் அவரைப் 'பொறுமையின் சிகரம்' என்று புகழ்ந்தார். சமணக் குடும்பம், பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டார், எறும்பைக்கூட மிதிக்கமாட்டார், ஆகவே பொறுமைசாலி என்று முடிவு கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. பொறுமையாம்! அவரோடு ஒரே கட்டடத்தில் அலுவலகம் வைத்திருந்தவன் நான். அவர் போனில் சண்டை போட்டால் என் கட்சிக்காரர் பேச்சை நிறுத்திவிட்டு அதைக் கேட்பார். அவரை அறிந்த நண்பர்களே, செத்த பிறகு அவரைச் சாதுவாக்கி விடாதீர்கள்.

நாங்கள் இருவரும் தொழிலுக்கு வந்த புதிதில் தேசூர் பக்கம் ஒரு விபத்து. இறந்தவர் கிடந்த இடம் இரண்டு காவல் நிலையங்களின் எல்லை சேருமிடம். இது எங்கள் சரகம் இல்லை என்று இவர்கள் அவர்களைக் கை காட்டினார்கள், அவர்கள் இவர்களைக் கை காட்டினார்கள். வெயிலில் பிணம் கிடக்கிறது. விஜயகுமாரி நடுவில் போய் நின்று சொன்னார்: "தலைப் பக்கம் ஒரு ஸ்டேஷன் புடிங்க, கால் பக்கம் ஒரு ஸ்டேஷன் புடிங்க. மொதல்ல தூக்குங்க. அப்புறமா மேப்பை விரிச்சி வெச்சிகினு சண்டை போடுங்க." கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. காவலர்கள் தூக்கினார்கள்.

முள்ளிப்பட்டு முருகவேலின் வழக்கும் அதேதான், என்ன, எல்லைதான் பெரிது. முருகவேல் தறி வேலையை விட்டுவிட்டு வளைகுடா நாடு ஒன்றுக்குக் கட்டட வேலைக்குப் போனவன். இருந்தாற்போலிருந்து அவன் மாரடைப்பில் இறந்துவிட்டதாக அங்கிருந்து தகவல் வந்தது. ஆனால் அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஒருவர் முருகவேலின் அம்மா அஞ்சலைக்கு ரகசியமாகப் போன் செய்து, சூப்பர்வைசர் இரும்புக் கம்பியால் தலையில் அடித்தான் என்று சொல்லிவிட்டார். அந்த சூப்பர்வைசரும் நம் நாட்டுக்காரன்தான், வேறு மாவட்டம். உடல் இங்கே வருவதற்கு முன்பே அவன் விமானமேறி ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டான். அஞ்சலை நேராக விஜயகுமாரியிடம் வந்தார்.

உடல் வந்த அன்று நானும் போயிருந்தேன். வெளியூரில் செத்தவரின் உடலை ஊருக்குள் கொண்டுவரக் கூடாது என்பது அங்கே வழக்கம். ஊரைச் சுற்றிக்கொண்டு நேராகச் சுடுகாட்டுக்குத்தான் போகவேண்டும். பெட்டியைத் திறக்காமலே எரித்துவிட எல்லாம் தயாராக இருந்தது. யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. எரிந்தால் சாட்சியும் எரிந்துவிடும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஊர் எல்லையில் விஜயகுமாரி ஆம்புலன்ஸ் முன்னால் போய் நின்றார்.

"வக்கீலம்மா, வெளிய செத்த பொணம் ஊருக்குள்ள வரக் கூடாதுங்க. இது எங்க ஊரு சட்டம்" என்றார் ஊர்ப் பெரியவர்.

"வர வேணாங்க. உங்க சட்டம் உங்களுக்கு. ஆனா சுடுகாட்டுக்கும் போவக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போவட்டும்."

"இத்தினி நாளு பொட்டியில கெடந்த புள்ள. அதப் போயி அறுக்கணும்னு சொல்றீங்களே, நியாயமா?"

விஜயகுமாரி அஞ்சலையைப் பார்த்தார். "நீ சொல்லு அஞ்சல. நீ வேணாம்னா நான் வழிய வுட்டுடறேன்."

அஞ்சலை ஆம்புலன்ஸில் ஏறிப் பெட்டியின் மேல் கை வைத்தார். பிறகு, "தொறங்க. எம்புள்ள தலைய நான் பாக்கணும்" என்றார். பின்மண்டை உள்ளே போயிருந்தது. பெரியவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நகர்ந்து வழி விட்டார். ஆஸ்பத்திரியின் அறிக்கையும் மண்டை உடைந்ததையே சொன்னது.

ஊர் எல்லை அன்றைக்கே வழிவிட்டது. நாட்டு எல்லைதான் இன்றுவரை விடவில்லை. இந்தியன் வெளிநாட்டில் செய்த குற்றத்தை இங்கே விசாரிக்கலாம் என்று நம் சட்டம் இருக்கிறது. ஆனால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். அனுமதி கேட்டால், அந்த நாட்டு ஆவணங்கள் எங்கே என்கிறார்கள். அந்த நாட்டைக் கேட்டால், எங்கள் சட்டப்படி இது இயற்கை மரணம், முடிந்துபோன விஷயம், எங்கள் இறையாண்மையில் தலையிடாதீர்கள் என்று பதில். ஆஸ்பத்திரி அறிக்கையை வைத்து இங்கே கைதான அந்த சூப்பர்வைசர் ஜாமீனில் வெளியே வந்து கல்யாணமும் செய்துகொண்டான்.

இதில் எனக்கும் விஜயகுமாரிக்கும் தீராத வாக்குவாதம். "வெள்ளக்காரன்கிட்டேர்ந்து போராடி வாங்குன உரிமைங்க இது. அடுத்த நாட்டு போலீசையும் சட்டத்தையும் உள்ள வுட்டா அப்புறம் நாம எதுக்கு?" என்பேன். அவர் டீ கிளாஸை வைத்துவிட்டு, என் ஊர்ப் பெயரால் என்னைக் கூப்பிட்டுத் தொடங்குவார்.

"தெள்ளார்காரரே, யாரை உள்ள வுடச் சொன்னேன்? பதில் சொல்லுன்னுதானே கேக்கறேன்? நீயும் விசாரிக்க மாட்ட, அவனையும் விசாரிக்க வுட மாட்ட, இதுக்குப் பேரு இறையாண்மையா? இந்த ஊர்ல நெய்யற பட்டு நூல் எத்தினி நாடு தாண்டி வருது, அதுக்கெல்லாம் கதவு ஜல்தியா தொறக்குதில்ல? அஞ்சல கேட்டா மட்டும் பூட்டிக்குதா?"

அப்படியானால் அவனை அந்த நாட்டுக்கே பிடித்து அனுப்பிவிடலாமே என்று ஒருமுறை மடக்கினேன். "அங்க தூக்குல போடுவாங்க. தூக்குல போடற ஊருக்கு நான் எவனையும் அனுப்ப மாட்டேன், அவனையும்தான்" என்றார். "ரெண்டு நாடும் ஒரே தட்டுல சாப்பிட வேணாங்க. அவங்க அவங்க வூடு அவங்க அவங்களுக்கு. ஆனா ஒரு கொலைன்னா சாட்சியைக் குடுக்கணும், காயிதத்தைக் குடுக்கணும். அதுக்கு ஒரு பொதுச் சட்டம் போட ரெண்டு பேருக்கும் என்னா பேஜாரு?" பதில் வைத்திருப்பவன்போலச் சிரித்தேன்.

அனுமதி விஷயமாக என்னையும் இழுத்துக்கொண்டு தில்லிக்குப் போனார். ஓர் அலுவலகத்தில் காலையிலிருந்து உட்கார வைத்தார்கள். கூப்பிட்டபோது வெளியே விளக்குப் போட்டுவிட்டார்கள். அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் பேசினார், பிஸ்கட்டும் கொடுத்தார். "இது இன்னொரு நாட்டின் உள்விவகாரம் மேடம்" என்றார். இவர் தன் இங்கிலீஷில், "செத்தவன் அந்த நாட்டுக்காரன் இல்லை. அடித்தவனும் அந்த நாட்டுக்காரன் இல்லை. எது சார் அவர்கள் உள்விவகாரம், அந்த இரும்புக் கம்பியா?" என்று கேட்டார். அதிகாரி கோப்பை மூடினார். பொழுது சாய்ந்துவிட்டதால் விஜயகுமாரி பிஸ்கட்டைத் தொடவில்லை. காலையிலிருந்து பட்டினி. திரும்பும்போது அவர் பங்கையும் நான்தான் தின்றேன். "நாட்டோட உபசாரம், வீணாக்காம சாப்பிடுங்க" என்று கிண்டல் செய்தார். அன்று எனக்கு அது உறைக்கவில்லை.

நான் இறையாண்மைக்கு எதிரியாகிவிடவில்லை. நாடு என்றால் இன்னும் எனக்கு மரியாதைதான். ஆனால் கொலைகாரன் சுகமாக நடந்து கடக்கிற எல்லையில் கொலையுண்டவனின் நியாயம் மட்டும் நிறுத்தப்படுகிறது என்றால், அந்த மரியாதையை எங்கே கொண்டு வைப்பது? இரண்டு அரசாங்கங்கள் தத்தம் கௌரவத்தைப் பார்த்துக்கொண்டன. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு அவர்களிடம் ஒரு வாக்கியம் இல்லை. இதைச் சொல்லிச் சொல்லித்தான் விஜயகுமாரியின் இதயம் நின்றது என்பேன். வைத்தியர் வேறு சொல்லலாம்.

காரியம் முடிந்த மறுநாள் அஞ்சலை என் அலுவலகத்துக்கு வந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அடுத்த வாய்தாவுக்கு யாருங்க வருவாங்க?"

"நான் வரேம்மா."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். மெதுவாகப் பேசுகிறவன் என்று கோர்ட்டில் எனக்கு நல்ல பெயர் உண்டு, அது அவருக்கும் தெரியும்.

"அந்தம்மா எனுக்காகக் கத்துவாங்க, சார். நீங்க கத்துவீங்களா?"

அக்காவின் சட்டப் புத்தகங்களைத் தரணேந்திரன் எனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவை இளம் வக்கீல்களுக்குப் போகட்டும். விஜயகுமாரியிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொள்வது அவருடைய கோபத்தை மட்டும்தான். "கத்துவேன்" என்று அஞ்சலையிடம் சொன்னேன். அதன் பிறகுதான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.