நான் போட்ட வெள்ளைக் கோடு

அக்கா போய்ப் பதினாறு நாள் ஆகிறது. காரியத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். காக்காய்க்குத் தண்ணீர் வைக்காமல் சாப்பிட மாட்டாள் என்றாள் அத்தை. சாரைப்பாம்பை அடிக்க விடாமல் வாசலில் குறுக்கே நின்றாள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எல்லாம் உண்மைதான். என்னிடமும் ஒன்று இருந்தது. அத்தனை பேர் நடுவில் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பதின்மூன்று. கோவிலம்பாக்கத்தில் ஒரு காலி மனைக்கு அப்பா வாட்ச்மேன். மனையின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. நாங்கள் நாலு பேரும் ஒரு நாயும் அதில்தான் இருந்தோம். பின்னால் ஏரி. ஏரி என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். இடித்த செங்கல்லை லாரி லாரியாகக் கொட்டியதில் எங்கள் பக்கம் அது ஒரு குட்டையாகியிருந்தது. அந்த வருஷ வெயிலில் குட்டையும் பங்குனியிலேயே காய்ந்துவிட்டது.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. ஓடக் கூடாது, தூசியில் நிற்கக் கூடாது. ஆனால் மனையில் இருந்த எல்லா உயிருக்கும் அவள்தான் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கேனைப் பாதியாக அறுத்து மைனாவுக்குத் தண்ணீர் ஊற்றி வைப்பாள். காய்ந்த புல்லைக் கொளுத்த அப்பா கிளம்பினால் தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொள்வாள்.

"உள்ள கீரி குட்டி போட்டுகீதுப்பா."

"கீரிக்கா நான் வாட்ச்மேன்? ஓனர் வந்தா நீ பதில் சொல்றியா?"

"சொல்றேன். கொளுத்தாத. ஓரமா மட்டும் அறுத்துடலாம். நானே அறுக்குறேன்."

அறுக்கவும் அறுத்தாள். அரை மணி நேரத்தில் இழுப்பு வந்து உட்கார்ந்துவிட்டாள். மீதியை அப்பாதான் திட்டிக்கொண்டே அறுத்து முடித்தார்.

பின்மூலையில் ஜல்லி சிதறிக் கிடந்த இடத்தில் ஆள்காட்டிக் குருவி முட்டை வைத்திருப்பதைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். கூடு என்று எதுவும் இல்லை. வெறும் தரையில் நாலு முட்டை, ஜல்லி நிறத்திலேயே. இரண்டடி தள்ளி நின்றும் எனக்குத் தெரியவில்லை. "மிதிச்சுடாதடி எரும" என்று என் சடையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

வெயில் ஏறியதும் அந்தக் குருவி எங்கேயோ பறந்து போய், வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காரும். முட்டை வெந்துவிடக் கூடாது என்றுதான். குட்டை காய்ந்த பிறகு, போனால் வெகு நேரம் வராது. அக்கா ஒரு பழைய சிமெண்ட் சட்டியைக் கழுவி, பத்தடி தள்ளித் தரையில் பதித்து, தண்ணீர் ஊற்றி வைத்தாள். நாயைப் பகலெல்லாம் கட்டிப் போட்டாள். இரண்டு நாள் குருவி சட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் இறங்கி உட்கார்ந்து வயிற்றை நனைத்துக்கொண்டது. அக்கா ஓடக் கூடாததை மறந்து ஓடி வந்து, மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வாரமே மனையில் வீடு கட்டும் வேலை ஆரம்பம் என்று மேஸ்திரி வந்தார். அக்கா அவர் பின்னாலேயே நடந்தாள். நானும்.

"அண்ணா, அந்தப் பின்மூலையில இன்னா வருது?"

"ஒண்ணும் வராது. கார் நிறுத்தற எடம். ஏன், உனக்கு ஒரு ரூம் வேணுமா?"

"எனக்கு வேணாம். நாலு பேரு அங்க குடி வந்துகீறாங்க. இன்னும் பத்து நாள்ல காலி பண்ணிடுவாங்க."

மேஸ்திரி வந்து முட்டைகளைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பக்கம் ஒரு கல்கூடப் போட மாட்டேன் என்று சொன்னார். ஆக, அந்த முட்டைகளுக்கு எந்த ஆபத்தும் இல்லை. அதெல்லாம் என் காதிலும் விழுந்தது. ஆனால் குழி தோண்ட வந்த பொக்லைன் வண்டியை நேரில் பார்த்த பிறகு பெரியவர்கள் பேச்சு எதுவும் என் மனசில் நிற்கவில்லை.

குழி தோண்டுவதற்கு முந்தின நாள் அப்பாவும் மேஸ்திரியும் கயிறு பிடித்து, சுண்ணாம்புப் பவுடரால் சதுரம் சதுரமாகக் கோடு போட்டார்கள். நான் நடுவில் ஓடினேன். "கோட்டுல கால வெச்ச, கால ஒடிச்சுடுவேன்" என்று அப்பா கத்தினார். நாயைக்கூட அந்தப் பக்கம் விடவில்லை. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: வெள்ளைக் கோடு போட்ட இடத்தை யாரும் தொடக் கூடாது.

மறுநாள் காலையில் அம்மா அக்காவைத் தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு ஊசி போட அழைத்துப் போனாள். "நான் வர்ற வரைக்கும் நீதான் பாத்துக்கணும்" என்று அக்கா என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் பொக்லைன் கேட்டுக்குள் நுழைந்தது. அதன் சக்கரமே என்னைவிட உயரம். எல்லோரும் முன்பக்கம் நின்று டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தபோது, நான் பவுடர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்மூலைக்குப் போய், முட்டைகளைச் சுற்றி ஒரு சதுரம் போட்டேன். குருவி கத்திக்கொண்டு என் தலைக்கு மேல் பாய்ந்தது. உனக்காகத்தான் என்று அதனிடம் சொன்னேன். கோணலாக வந்த இடத்தை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். அப்பா போட்டதைவிட என்னுடையது அழகாக இருந்தது.

வண்டி முன்பக்கக் குழிகளைத் தோண்டிக்கொண்டே பின்னால் வந்தது. அப்பா டீ வாங்கப் போயிருந்தார். மேஸ்திரி முன்குழி ஒன்றில் இறங்கி ஆழம் அளந்துகொண்டிருந்தார். நான் செங்கல் அடுக்கின் மேல் தைரியமாக உட்கார்ந்திருந்தேன். கோட்டைப் பார்த்ததும் வண்டி நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். நின்றது. டிரைவர் எட்டி என் சதுரத்தைப் பார்த்தார். பிறகு வண்டியின் கையை அதற்குள் இறக்கினார்.

நான் கத்தினேன். வண்டிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அம்மாவும் அக்காவும் திரும்பி வந்தபோது மேஸ்திரி டிரைவரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்.

"பிளான்லயே இல்லாத எடத்துல எதுக்குய்யா தோண்டின?"

"கோடு கீது, தோண்டினேன். கோட்டுக்குள்ளதான தோண்டணும்? என்னை ஏன் பேஜார் பண்ற?"

"யாரு போட்டது இத?" என்று அப்பா எங்கள் பக்கம் திரும்பினார்.

அக்கா குழியைப் பார்த்தாள். அதற்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்த குருவியைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள். என் பாவாடையெல்லாம் வெள்ளை. அவள் நகர்ந்து எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"நான்தாம்பா. போறதுக்கு முன்னாடி போட்டேன்."

அப்பா ஓங்கி அறைந்தார். ஊசி போட்டுக்கொண்டு வந்த பிள்ளை என்று அம்மா குறுக்கே விழுந்து தடுத்தாள். பவுடரை வீணாக்கியதற்குத்தான் அடி என்று நான் நினைத்தேன். அடியைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. நான் போட்ட அழகான கோட்டைத் தான் போட்டதாகச் சொல்லிக்கொண்டாளே!

குருவி இரண்டு நாள் வந்தது. சட்டியில் வயிற்றை நனைத்துக்கொண்டு போய்க் குழியோரத்து மண்ணில் உட்கார்ந்தது. அப்புறம் வரவில்லை. அந்த வீடு எழும்பியதும் எங்களுக்கு அங்கே வேலை இல்லை. பம்மலில் ஒரு ஃபிளாட்டில் அப்பாவுக்கு கேட் வேலை கிடைத்தது.

நான் ஏழாவதோடு படிப்பை விட்டுவிட்டு, பதினேழு வயதில் சித்தாள் வேலைக்குப் போனேன். பொழிச்சலூரில் ஒரு வேலையில் அங்கிருந்த மேஸ்திரி என்னிடம் பவுடர் டப்பாவைக் கொடுத்தார். "நேரா போடும்மா, இதுக்குள்ளதான் தோண்டுவாங்க" என்றார். டப்பாவோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு ஷேர் ஆட்டோவில் வரும்போது, அப்போதே உனக்குத் தெரியுமா என்று அக்காவிடம் எப்படிக் கேட்பது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவள் கதவைத் திறந்து, "இன்னாடி மூஞ்சி இப்டி கீது, டீ போடட்டா?" என்றாள். டீயைக் குடித்தேன். கேட்கவில்லை. இன்னொரு நாள் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

இப்போது கண்ணை மூடினால் வருவது அந்தக் குழி தோண்டிய நாளின் சாயங்காலம்தான். டிரைவர் கிளம்பிக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றோம். அக்காவின் கன்னத்தில் விரல் தடம் இன்னும் இருந்தது.

"கோட்டுக்குள்ளதான் தோண்டணும்னு சொல்றான் பாருக்கா. பொய்தான?"

அக்கா கொஞ்ச நேரம் இழுத்து இழுத்து மூச்சு விட்டாள்.

"பொய்தாண்டி. கோட்டப் பாத்தா நிக்கணும். நீ சரியாத்தான் போட்ட."

நான் ஒரு கல்லை எடுத்து வண்டி மேல் வீசினேன். சக்கரத்தில் பட்டுத் தெறித்தது. இன்னொரு கல்லை எடுத்து அக்கா கையில் கொடுத்தேன். முட்டைகளைப் பார்த்துக்கொண்டவள் அவள்தானே, அவள்தான் ஓங்கி எறிய வேண்டும். அவள் கல்லைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். வண்டி கேட்டைத் தாண்டி ரோட்டில் திரும்புகிற வரைக்கும் எறியவில்லை.

என் அக்கா சரியான பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டேன்.