சூடானால்தான் பிடிக்கும் டயர்

இரண்டு வருடங்களுக்கு முன், ஜூலை மாதத்து மழைநாள் ஒன்றில், போர்ட் பிளேரின் சாத்தம் படகுத்துறையில் நடந்தது இது. எங்கள் தலைமையாசிரியையும் நானும், பின்சீட்டில் ஒரு பெட்டி நிறைய விளையாட்டுக் கோப்பைகளுமாக, என்னுடைய சிவப்புக் காரில் உட்கார்ந்தபடியே கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். நான் காரை ஓட்டவில்லை. அது தானாக வழுக்கிக்கொண்டிருந்தது.

எப்படி அந்த நிலைக்கு வந்தோம் என்று சொல்ல வேண்டுமானால் டயரிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

நான் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. அப்பாவுக்கு அந்தமானில் வேலை கிடைத்து ராமநாதபுரம் பக்கத்திலிருந்து இங்கே வந்த குடும்பம். எனக்குக் கார் என்றால் பைத்தியம். என் தம்பி மெயின்லேண்டில், கோயம்புத்தூரில் இருக்கிறான். அவனுக்கு என்னைவிடப் பைத்தியம். என் கணவருக்கோ கார் என்பது மழையில் நனையாமல் போவதற்கான ஒரு பெரிய குடை, அவ்வளவுதான்.

இங்கிருந்து மாற்றலாகிப் போன ஒரு ராணுவ அதிகாரியிடமிருந்து அந்தக் காரை வாங்கினேன். சின்னக் கார்தான், ஆனால் டர்போ எஞ்சின். மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். மிதிப்பதற்கு இடம்தான் இல்லை. போர்ட் பிளேரில் ஒரு ஏற்றம், ஒரு இறக்கம், ஒரு வளைவு, நடுவில் ஒரு மாடு, மாட்டுக்குப் பின்னால் ஒரு பஸ். வடக்கே பாராடாங் தீவுக்குப் போகலாம் என்றால், பழங்குடியினர் வாழும் காட்டுக்குள் எல்லா வண்டிகளும் ஊர்வலம் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக, முந்தாமல், நிற்காமல் போக வேண்டும். பந்தயக் குதிரையை வாங்கி வீட்டுக்குள் கட்டி வைத்த கதைதான். ஆனாலும் தினமும் காலையில் சாவியைத் திருகி அந்த உறுமலைக் கேட்டால், ஒன்பதாம் வகுப்பின் திருத்தாத விடைத்தாள்கள்கூட மறந்துபோகும்.

அந்த அதிகாரி காரை நன்றாக விரட்டி ஓட்டியிருக்கிறார். மழைக்காலம் தொடங்கும்போது பார்த்தால் நான்கு டயரும் வழுக்கையாகிவிட்டன. மாற்றியே ஆக வேண்டும். எந்த அளவு, எந்த வகை?

டயரின் பக்கவாட்டில் 205/45 R17 என்று எழுதியிருக்கும். 205 என்பது அகலம், மில்லிமீட்டரில். 45 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கு ரப்பரின் உயரம். 17 என்பது உள்ளே இருக்கும் சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் மூன்றும். என் வகுப்பில் யாராவது இப்படி விடை எழுதினால் மதிப்பெண் போட மாட்டேன்.

தம்பியைக் கேட்டேன். பழைய அளவை மறந்துவிட்டு 225/40 போடச் சொன்னான். அகலம் கூடும், உயரம் கொஞ்சம் குறையும், மொத்தச் சுற்றளவு ஏறக்குறைய அதேதான். வகையும் அவனே சொன்னான்: பாதி பந்தய டயர், மென்மையான ரப்பர், பேருக்குக் கொஞ்சம் கோடு. சாலையை அட்டைப்பூச்சி மாதிரிப் பிடிக்கும் என்றான்.

கணவரைக் கேட்டேன். கடையில் எது இருக்கிறதோ அதைப் போட்டுவிட்டு வரச் சொன்னார்.

பஜாரில் டயர் கடை வைத்திருக்கும் பாயைக் கேட்டேன். அவர் கடையில் லாரி டயர், ஜீப் டயர், ஆட்டோ டயர் எல்லாம் இருந்தன. என் அளவு மட்டும் இல்லை. பதினேழு அங்குலச் சக்கரத்தையே கழற்றிவிட்டு, பதினாறு அங்குலச் சக்கரத்தில் உயரமான, ஆழமாகக் கோடு வெட்டிய மழை டயர் போடச் சொன்னார். நம் ஊர் பள்ளத்துக்கு அதுதான் தாங்கும் என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அவருக்குப் பின்னால், தூசி படிந்து, யாரோ வாங்காமல் விட்டுப்போன நான்கு பதினாறு அங்குலச் சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. நான் போகும்போதெல்லாம் அவை அங்கேயேதான் தொங்கும். அதனால் அவர் யோசனையை நான் நம்பவில்லை.

தம்பி ஜெயித்தான். டயர்கள் சென்னையிலிருந்து கப்பலில் வந்தன. கப்பல் தாமதமாக, ஏதோ வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரருக்குக் காத்திருப்பது போலக் காத்திருந்தேன். பாய்தான் மாட்டிக் கொடுத்தார். மாட்டி முடித்ததும் ஒரு தடவை காரைச் சுற்றி வந்து, உதட்டைப் பிதுக்கி, "ஷோக்கா இருக்கு மேடம்" என்றார்.

உண்மையிலேயே அழகாக இருந்தது. நிற்கும்போதே ஓடுவது போலிருந்தது. ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் மட்டும் உள்ளே எங்கேயோ உரசி 'கர்ர்' என்றது. வண்டிக்கு அடியில் பூனை ஏதாவது மாட்டிக்கொண்டதா என்று கணவர் குனிந்து பார்த்தார். மென்மையான ரப்பர் என்பதால் ரோட்டுப் பொடிக்கல்லையெல்லாம் பொறுக்கி எடுத்து உள்ளே 'டக் டக்' என்று அடித்துக்கொண்டே வந்தது. இதெல்லாம் பெரிய கார்களுக்கு இருக்கும் சுபாவம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரம்தான் எதிர்க்கரையில் இருக்கும் பம்பூ ஃபிளாட் பக்கத்துப் பள்ளி ஒன்றில் விளையாட்டு விழா. எங்கள் தலைமையாசிரியைதான் சிறப்பு விருந்தினர், கோப்பைகளைக் கொண்டுவரும் பொறுப்பும் அவருடையது. வங்காளத்து அம்மா, ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. அவர் காரிடாரில் நடந்து வந்தால் மின்விசிறிகூடச் சத்தத்தைக் குறைக்கும் என்று ஆசிரியர் அறையில் சொல்வோம். கோப்பைப் பெட்டியை பஸ்ஸில் கொண்டுபோக முடியாது, உன் காரில் போகலாம் என்று அவரே சொல்லிவிட்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

சாத்தத்திலிருந்து பம்பூ ஃபிளாட்டுக்கு வண்டிகளை ஏற்றிக்கொண்டு போகும் படகு உண்டு. கரையிலிருந்து ஒரு சிமெண்ட் சரிவு கடலுக்குள் இறங்கும். படகு வந்து அதன்மேல் தன் பலகையை இறக்கும். அன்றைக்குப் படகு இன்னும் அக்கரையில் இருந்தது. கடல் நீர் வற்றி இறங்கியிருந்ததால் சரிவின் அடிப்பாகம் வெளியே தெரிந்தது, பாசி படிந்து பச்சைப் பசேலென்று. மழை கொட்டிக்கொண்டிருந்தது. வரிசையில் முதல் வண்டி என்னுடையது. பின்னால் ஒரு ஜீப்புக்கு இடம் வேண்டுமென்று துறை ஊழியர் ஒருவர் என்னைக் கொஞ்சம் முன்னால் வரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

கொஞ்சம்தான் வந்தேன். பிரேக்கை மிதித்தேன். கார் நிற்கவில்லை.

வேகமாகப் போயிருந்தால் பயப்படவாவது தோன்றியிருக்கும். அது கோயில் தேர் நகர்வது போல, ஒரு அவசரமும் இல்லாமல் போனது. காலடியில் பிரேக் 'கடகட'வென்று அடித்தது. தலைமையாசிரியை விழா உரையைப் படித்துக்கொண்டிருந்தவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ஹேண்ட் பிரேக் போடச் சொன்னார். போட்டுவிட்டேன் மேடம் என்றேன். அப்படியென்றால் ரிவர்ஸ் போடு என்றார். போட்டேன், முன்சக்கரங்கள் இருந்த இடத்திலேயே சுற்றின, கார் இன்னும் ஒரு முழம் கீழே போனது. அவர் உரையை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

அப்போதுதான் மேலே வரிசையில் நின்ற ஒரு பெண் எங்களை நோக்கி ஓடி வந்தார். பம்பூ ஃபிளாட்டில் காய்கறிக் கடை வைத்திருப்பவர், கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அவர் முதுகில் ஒரு உருளைக்கிழங்கு மூட்டை இருந்தது. ஓடி வந்த வேகத்தில் மூட்டையின் வாயைப் பிரித்து அப்படியே கவிழ்த்துவிட்டு, காலியான சாக்கை மடித்து முன்சக்கரத்துக்கு அடியில் திணித்தார். உருளைக்கிழங்குகள் எங்களைத் தாண்டி உருண்டு, ஒவ்வொன்றாகக் கடலில் இறங்கின.

சாக்கின்மேல் ஏறிய சக்கரம் நின்றது. காரும் நின்றது. எங்களுக்கு முன்னால் இருந்தது தண்ணீர் மட்டும்தான்.

அந்தப் பெண் குனிந்து டயரைப் பார்த்தார். பிறகு என் ஜன்னல் பக்கம் வந்தார்.

"டயரு புதுசாத்தானே இருக்கு மேடம், பிறகு ஏன் வழுக்குது?"

நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்கப் பயந்து சிலை மாதிரி உட்கார்ந்திருந்தேன். தலைமையாசிரியையிடம், நீங்களாவது இறங்கிவிடுங்கள் மேடம் என்றேன். அவர் மறுத்துவிட்டார். டீச்சரை விட்டுவிட்டுத் தான் மட்டும் இறங்கினால் நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் எப்படி முகம் காட்டுவது என்று கேட்டார். ஆனால் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அதற்குள் துறை ஊழியர்கள் படகு கட்டும் கயிறு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். எங்கே கட்டுவது என்று காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். பின் பம்பரில் ஒரு சின்ன மூடி இருக்கிறது, டிக்கியில் இருக்கும் கொக்கியை அதில் திருகினால் கயிறு கட்டலாம் என்று நான் கத்திச் சொன்னேன். அந்த நாளில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது. ஜீப்பைக் கொண்டு இழுக்கலாம் என்றால் ஜீப்பைத் திருப்ப இடமில்லை. ஆள்தான் இழுக்க வேண்டும். குடையை எறிந்துவிட்டு வந்தவர்கள், மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தவர்கள், ஆபீஸ் பையைக் கழுத்தில் மாட்டியபடியே வந்தவர்கள் என்று கயிற்றில் ஒரு கூட்டம் சேர்ந்தது. தமிழ், தெலுங்கு, வங்காளம், மலையாளம் எல்லாம் கலந்து ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ஒருவர் இழுக்கும்போது இன்னொருவர் மூச்சு வாங்கினார். கார் அசையவில்லை.

தலைமையாசிரியை ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். தலையை வெளியே நீட்டி, காலை வணக்கக் கூட்டத்தில் பேசும் அதே குரலில் இந்தியில் சொன்னார்.

"ஏக் லைன் மே கடே ஹோ ஜாவ்."

அத்தனை பேரும் ஒரே வரிசையில் நின்றார்கள். அவர்களில் பாதிப்பேர் எப்போதோ ஏதாவது பள்ளியில் அவரிடம் படித்திருப்பார்களோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். கைப்பையிலிருந்து விசிலை எடுத்தார். விசில் ஊதும்போது எல்லோரும் ஒன்றாக இழுக்க வேண்டும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, விசில் ஊதியதும் நீ பிரேக்கை விடு என்றார்.

அந்த ஒரு நொடியை என்னால் மறக்க முடியாது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை உயிர் என் காலில் இருப்பது போலிருந்தது. அதை விட வேண்டும். விட்டால் எங்களைப் பிடித்திருப்பது ஒரு சாக்கும், பெயர் தெரியாத ஆட்களும் மட்டும்தான். கண்ணாடியில் பார்த்தேன். கயிற்றின் முதல் ஆளாக அந்தக் காய்கறிக் கடைப் பெண் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார். விசில் ஒலித்தது. ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு காலை எடுத்தேன்.

கார் மேலே போனது. ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு அடி. பாசியைத் தாண்டிச் சொரசொரப்பான சிமெண்டுக்கு வந்ததும் யாரோ கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். நான் இறங்கிக் கயிற்றுப் பக்கம் ஓடினேன்.

உருளைக்கிழங்குக்கு ஏதாவது கொடுக்கிறேன் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னதற்கு, கடல்ல போனதுக்கு நீங்க என்ன செய்வீங்க என்று சிரித்துவிட்டுச் சாக்கை உதறினார். தலைமையாசிரியை கேட்டுக்கொண்டிருந்தார். பின்சீட்டிலிருந்து பெட்டியை எடுக்கச் சொல்லி, அந்த மழையிலேயே பிரித்து, ஒவ்வொரு கோப்பையாகத் தூக்கி எழுத்தைப் படித்தார். தேடியது கிடைத்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு, முறையாக நடந்து போய், இரண்டு கையாலும் அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். கயிறு இழுக்கும் போட்டி, முதல் பரிசு.

அன்று மாலை விழாவில் கயிறு இழுத்து ஜெயித்த குழுவுக்கு வெறும் கைகுலுக்கல்தான் கிடைத்தது. கோப்பை பின்னால் வரும் என்று தலைமையாசிரியை மேடையில் அறிவித்தார். ஏன் என்று கேட்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

இரவு தம்பிக்குப் போன் செய்து நடந்ததையெல்லாம் சொன்னேன். அவன், "டயர் மேல தப்பில்லக்கா. அது சூடானாத்தான் பிடிக்கும். நீ சூடு பண்ணியிருக்க மாட்ட" என்றான். மழையில், பஸ்ஸுக்குப் பின்னால், இரண்டாவது கியரில் சாத்தம் வரை போகிறவள் எப்படிச் சூடு பண்ணுவது என்று கேட்டேன். போனை வாங்கிக் கணவர், "அடுப்புல வச்சு எடுத்துட்டுப் போகச் சொல்லட்டுமா மாப்ளே" என்றார்.

மறுநாள் பாய் கடைக்குப் போனேன். பாசியில் எந்த டயரும் வழுக்கத்தான் செய்யும் மேடம் என்று ஆறுதல் சொன்னார். சொல்லிக்கொண்டே அந்த நான்கு பதினாறு அங்குலச் சக்கரங்களை இறக்கித் தூசி தட்டினார். 195/55, ஆழமான கோடு போட்ட மழை டயர். பார்க்க ஒரு கம்பீரமும் இல்லை. பந்தய ஷூவைக் கழற்றிவிட்டு ஹவாய் செருப்பு போட்டது மாதிரி இருக்கிறது கார். ஆனால் பள்ளத்தில் இறங்கினால் முதுகு வலிப்பதில்லை, உள்ளே பூனை கத்துவதில்லை, மழையில் மிதித்த இடத்தில் நிற்கிறது. அந்தப் பந்தய டயர்களை ஒரு மீன்படகுக்காரர் கேட்டு வாங்கிப் போய்ப் படகின் பக்கவாட்டில் தொங்கவிட்டிருக்கிறார். ரப்பர் மென்மை என்பதால் படகு கரையில் மோதினால் சத்தமே வருவதில்லையாம். அவருக்கு ரொம்ப சந்தோஷம்.

இப்போதும் மழைநாளில் அந்தச் சரிவில் காரை இறக்கும்போது, எங்கள் பெயர்கூடத் தெரியாமல் அன்றைக்குக் கயிற்றைப் பிடித்தவர்களில் யாராவது வரிசையில் நிற்கிறார்களா என்று கண் தானாகத் தேடுகிறது. ஒரே ஒரு முகம் தென்பட்டால்கூடப் போதும், பிரேக்கை அழுத்திக்கொண்டிருக்கும் என் காலின் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்துவிடுகிறது.