பதினோரு ‘தோல்வி’யும் ஒரு ‘ச்’சும்

போன வியாழக்கிழமை ஒரு பாறை மேல ஏறி நின்னு, முகம் தெரியாத ஒருத்தனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். முட்டாள்னேன். மூளையை அடகு வச்சுட்டு வேலைக்கு வர்றவன்னேன். அவன் மட்டும் கையில கிடைச்சா இந்தப் பாறையில இருந்தே உருட்டி விடுவேன்னேன்.

பத்து நிமிஷம் கழிச்சுதான் தெரிஞ்சது. அவன் ஏற்கெனவே பாறை மேலதான் நிக்கிறான்... நான்தான் அவன்.

ஜவ்வாது மலையில ராணின்னு ஒரு அம்மா இருக்காங்க. எங்க வீட்டுக்கு வருஷா வருஷம் சாமையும் புளியும் அவங்க நிலத்துல இருந்துதான். நான் ஆலங்காயத்துல வீட்டுல உக்காந்தே கம்ப்யூட்டர் வேலை பாக்குறேன்னு அவங்களுக்குத் தெரியும். வியாழக்கிழமை மத்தியானம் போன் வந்துச்சு.

“அண்ணா, எம்பொண்ண ஏமாத்துக்காரின்னு சொல்லுதுண்ணா உங்க கம்ப்யூட்டரு. நீ வந்து இன்னான்னு கேளு.”

உங்க கம்ப்யூட்டரு! உலகத்துல இருக்கிற எல்லா கம்ப்யூட்டருக்கும் நான்தான் மாமன் மச்சான். சரின்னு ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு மலை ஏறிட்டேன்.

விஷயம் இதுதான். ராணியோட பொண்ணு சங்கீதா, பிளஸ் டூ முடிச்சிருக்கா. நர்சிங் படிக்கணும்னு ஒரே பிடிவாதம். அவ பொறந்ததே ஆஸ்பத்திரிக்கு இறங்குற வழியில, ஜீப்புக்குள்ள. அந்த ஜீப்புல ஒரு நர்ஸ் இருந்திருந்தா எப்படி இருந்திருக்கும்னு ராணி சொல்லிச் சொல்லியே வளந்த பொண்ணு.

விண்ணப்பம் மொபைல்லதான் போடணும். அவங்க ஊர்ல சிக்னல் கிடைக்கிறது ஒரே ஒரு இடத்துல. அதுக்குப் பேரு டவர் பாறை. டவரும் கிடையாது ஒண்ணும் கிடையாது, சிக்னல் வர்றதால அந்தப் பேரு. சங்கீதா அங்க ஏறி, எல்லாத்தையும் ஒழுங்கா நிரப்பி, அனுப்புன்னு அமுக்கியிருக்கா.

‘தோல்வி. மீண்டும் முயற்ச்சிக்கவும்.’

சொன்ன பேச்சு கேக்குற பொண்ணு. மறுபடி அமுக்கினா. மறுபடி தோல்வி. இப்படிப் பதினோரு தடவை. பன்னெண்டாவது தடவை வேற மாதிரி வந்துச்சு: ‘சந்தேகத்துக்குரிய விண்ணப்பம். முடக்கப்பட்டது.’

அன்னைக்கு சாயந்தரம் அஞ்சு மணியோட விண்ணப்பம் முடியுது. நான் போய்ச் சேரும்போது மணி மூணரை.

பாறையில நின்னு உதவி எண்ணைக் கூப்பிட்டேன். எடுத்த ஆளு நிதானமா பாத்துட்டுச் சொன்னாரு: “ஒரே பேர்ல பதினோரு அப்ளிகேஷன் வந்திருக்கு சார். எத்தனை சீட்டு சார் வேணும் அவங்களுக்கு?” சொல்லிட்டுச் சிரிச்சாரு. போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு. சங்கீதா தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

அந்தக் குனிஞ்ச தலையைப் பாத்ததும்தான் எனக்கு ஏறுச்சு. அமுக்குன்னு சொன்னது யாரு? மிஷினு. அமுக்கினதுக்கு ஏமாத்துக்காரின்னு சொல்றது யாரு? அதே மிஷினு! அப்பதான் அந்த முதல் பாராவுல இருக்கிற வசனத்தையெல்லாம் பேசினேன்.

“விடுங்க மாமா,” அப்படின்னா சங்கீதா. “‘முயற்சி’ல ற் போட்டுட்டு இன்னொரு ச் வேற போட்டு வச்சிருக்கான் பாருங்க. அவன் இன்னாத்த படிச்சிருக்கப் போறான்.”

பாத்தேன். மறுபடி ஒரு தடவை எழுத்துக் கூட்டிப் பாத்தேன்.

பத்திரிகையில நான் எழுதுற இந்தப் பத்தியை ரொம்ப நாளா படிக்கிறவங்களுக்குத் தெரியும். போன வருஷம் ரெண்டு தடவை ‘முயற்ச்சி’ன்னு எழுதி உங்ககிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். ஒரு தமிழாசிரியர் என் பத்தியையே வெட்டி, சிவப்பு மையில சுழிச்சு தபால்ல அனுப்பினாரு. அந்தக் கூடுதல் ‘ச்’ என் கைரேகை மாதிரி. உலகத்துல எங்க பாத்தாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

ஆமா. சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு கம்பெனியில இருந்தப்ப இந்த ஆப்புல ‘தோல்வி’ காட்டுற அந்தப் புரோகிராம் துண்டை எழுதினது நான்தான்.

கொஞ்சம் தொழில் பேசுறேன், பொறுத்துக்குங்க. இப்பல்லாம் ஒரு ஆப்னா அது ஒரே மிஷின்ல ஓடுறதில்ல. விண்ணப்பம் வாங்க ஒரு மிஷினு, சரிபாக்க ஒண்ணு, பட்டியல் போட ஒண்ணு... எல்லாம் எங்கெங்கயோ இருக்கும். ஒண்ணை ஒண்ணு கூப்பிட்டு வேலை வாங்க ஒரு ஏற்பாடு உண்டு. ரிமோட் புரொசீஜர் கால்னு பேரு. பக்கத்து ரூம்ல இருக்கிற ஆள்கிட்ட “கொஞ்சம் தண்ணி குடு”ன்னு கேக்குற மாதிரியே தூரத்து மிஷின்கிட்டயும் கேட்டுக்கலாம். எழுதுறவனுக்கு வித்தியாசமே தெரியாது. நடுவுல தூரம்னு ஒண்ணு இருக்கிறதையே மறந்துடலாம்.

மறந்துட்டோம். அதுதான் பிரச்சனையே.

பக்கத்து ரூம்ல இருந்து பதில் வரலன்னா எட்டிப் பாக்கலாம். தூரத்துல இருந்து வரலன்னா? கேட்டது போய்ச் சேரலயா? சேர்ந்து, அந்தப் பக்கம் படுத்துக்கிச்சா? இல்ல... வேலையெல்லாம் சுத்தமா முடிஞ்சு, ‘முடிஞ்சது’ங்கிற பதில் மட்டும் வழியில தொலைஞ்சுதா? மூணுல எதுன்னு இந்தப் பக்கம் இருக்கிறவனுக்குத் தெரியவே தெரியாது. சங்கீதாவுக்கு நடந்தது மூணாவது. முதல் தடவை அமுக்கினதுமே விண்ணப்பம் போய்ச் சேந்துடுச்சு. பதில்தான் பாறைக்கு வரல. நான் புரோகிராமை அஞ்சு செகண்ட் மட்டும் காக்க வச்சுட்டு, மூணுக்கும் சேத்து ஒரே வார்த்தை எழுதி வச்சிருந்தேன். தோல்வி.

போதாததுக்கு, ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் புது நம்பர் வேற குடுத்திருக்கேன். அதனால அந்தப் பக்கத்து மிஷினுக்கு அது ஒரே பொண்ணு பதினோரு தடவை கேக்குறதா தெரியல. பதினோரு விண்ணப்பமா தெரிஞ்சிருக்கு.

இதையெல்லாம் சோதிச்சுப் பாக்கலயான்னு கேப்பீங்க. பாத்தோமே! ஏசி ரூம்ல, ரெண்டு மிஷினையும் ஒரே மேஜை மேல வச்சு.

இன்னொண்ணையும் சொல்லிடறேன், இதைச் சொல்லாம விட்டா சோறு இறங்காது. மீட்டிங்ல டெஸ்டிங் பாக்குற பொண்ணு ஒண்ணு கேட்டுச்சு, பதில் வரலன்னா ‘தெரியவில்லை’ன்னு காட்டலாமேன்னு. நான் உடனே, “தெரியலன்னு சொல்றதுக்கு எதுக்கும்மா கம்ப்யூட்டரு? அதுக்குத்தான் எங்க வீட்டுல நான் இருக்கேனே”ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அந்தப் பொண்ணு உக்காந்துடுச்சு. நாங்க சாப்பிடப் போய்ட்டோம்.

என் ஜோக் மேல எனக்கே இவ்ளோ கோவம் வந்ததில்ல.

பழைய கம்பெனியில என்கூட இருந்த பிரபுவுக்குப் போன் போட்டேன். இன்னமும் அதே வேலையைத்தான் பாக்குறான். முழுசாக் கேட்டுட்டு, “டிசைனே அப்படித்தான் சார். நீங்க போட்டதுதான்”னான். அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. கெஞ்சினேன். முதல் விண்ணப்பத்தை மட்டும் வச்சுக்கிட்டு மீதி பத்தையும் எடுத்துடலாம், மேல ஒரு அனுமதி வாங்கணும், லைன்லயே இருங்கன்னான். இருந்தேன். நாலு நாப்பது. “சார், அனுமதி வந்துடுச்சு, இப்ப–”

கட்டாயிடுச்சு.

சிக்னல் சுத்தமா இல்ல. போனைத் தலைக்கு மேல தூக்கிப் பாத்தேன். பாறையோட அந்த ஓரத்துக்கு ஓடினேன், இந்த ஓரத்துக்கு ஓடினேன். நாலு நாப்பத்தெட்டு. ராணி முகத்தைப் பாக்க முடியாம, “அவ்ளோதாம்மா. முடியல. தோத்துட்டோம்”னேன்.

ராணி அசையல. “லைன்தான கட்டாச்சு. அந்தாளு முடியாதுன்னு சொன்னாரா?”

நாலு அம்பத்தி மூணுக்கு சங்கீதா போன் ஒரு தடவை அதிர்ந்துச்சு. ‘உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது.’ அவ ரெண்டு தடவை படிச்சா. போனை அம்மா கையில குடுத்துட்டு அப்படியே பாறையில உக்காந்துட்டா.

சந்தோஷப்பட்டிருக்கணும் நானு. எங்க? எனக்கு ஒரு பிரபு இருந்தான், அதனால ஒரு சங்கீதா தப்பிச்சா. இதே மாதிரி எத்தனை மலையில, எத்தனை பாறையில, எத்தனை பசங்க நின்னு சொன்ன பேச்சு கேட்டு அமுக்கிக்கிட்டு இருக்கும்? அவங்களுக்கெல்லாம் எந்த பிரபு இருக்கான்? இறங்குறதுக்கு முன்னாடி அவனை மறுபடி பிடிச்சு, அந்தத் ‘தோல்வி’யை மாத்துடா, அமுக்குறதுக்கெல்லாம் ஒரே நம்பரைக் குடுடான்னேன். அடுத்த வெர்ஷன் ரிலீஸ்ல பாக்கலாம் சார்னான். நானும் இப்படித்தான் பேசிக்கிட்டு இருந்தேன், அங்க இருந்தப்ப. தினமும் கூப்பிடுறதா இருக்கேன். பதினோரு தடவை.

ஸ்கூட்டரை எடுக்குறப்ப ராணிகிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். அதை எழுதினது நான்தாம்மா, பதில் வரலன்னா தோல்வின்னு போட்டது நான்தான்னு. திட்டுவாங்கன்னு பாத்தேன். அவங்க என்னை மேலயும் கீழயும் பாத்துட்டுக் கேட்டாங்க:

“தெரியலன்னா தெரியலன்னு போட்டுட்டுப் போவ வேண்டிதான? அதுக்கு இன்னாத்துக்குண்ணா எம்பொண்ணு தோத்தான்னு போட்ட?”