ஒரு திரையில் இரண்டு அம்புகள்

மகளின் முன்பள்ளியில் ஒரேயொரு கணினிதான் இருக்கிறது. அதில் மூன்று மவுஸ்களைப் பொருத்தி, மூன்று பிள்ளைகள் சேர்ந்து ஒரே படத்தை வரைவதற்கு ஓர் இலவச மென்பொருளைப் போட்டிருக்கிறார்கள். திரையில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நிறத்தில் அம்பு. என் மகள் மட்டும் மவுஸில் கையை வைத்தபடி சும்மா இருக்கிறாளாம்.

"கெட்டிக்காரிதான். ஆனால் ஒருத்தரோடையும் சேருறா இல்லை. வீட்டிலை ஆரோடை விளையாடுறவ?" என்று ரீச்சர் கேட்டார்.

"என்னோடை."

கணவருக்கு டோகாவில் வேலை. அம்மாவும் அப்பாவும் அண்ணையிடம் கனடாவுக்குப் போய்விட்டார்கள். சீதனமாகத் தந்த இந்தப் பெரிய வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

மருதனார்மடம் சந்திக் கடையில் இரண்டு மவுஸ்கள் வாங்கினேன். பழைய மடிக்கணினியில் அதே மென்பொருளை இறக்கினேன். இலவசமாகக் கிடைப்பதில் வைரஸ் இருக்குமோ என்று பயந்து அழித்துவிட்டு, திரும்பவும் இறக்கினேன். மகளுக்குப் பச்சை அம்பு, எனக்குச் சிவப்பு.

பின்னேரங்களில் அவள் சந்தோசமாக வரைந்தாள்.

"ஆட்டுக்கு ஏன் அஞ்சு கால்?"

"ஒண்டு ஸ்பெயர், அம்மா."

சரியாகிவிட்டாள் என்று ரீச்சரிடம் சொன்னேன். "வந்து பாருங்கோவன்" என்றார். யன்னலால் பார்த்தேன். இன்னொரு பிள்ளையின் நீல அம்பு கிட்ட வந்ததும் மகள் வரைவதை நிறுத்தினாள். அது விலகும்வரை காத்திருந்தாள். அது விலகவில்லை. அப்போதுதான் விளங்கியது: வீட்டில் பச்சை அம்பு கிட்ட வரும்போதெல்லாம் நான் சிவப்பை மூலைக்கு இழுத்துவிடுவேன். அதைப் பொறுமை என்று நினைத்திருந்தேன்.

அன்று பின்னேரம் அவள் ஒரு வீட்டுக்குக் கூரை வரைந்தபடி கிட்ட வந்தபோது நான் விலகவில்லை.

"தள்ளுங்கோ அம்மா."

"நானும் கூரைதான் கீறுறன்."

"என்னோடை கோவமோ?"

"இல்லை, பிள்ளை."

எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டாள். செய்தது சரியா? கணவரிடம் கேட்கலாம் என்றால் அவருக்கு வேலை நேரம். சிவப்பு அம்பைக் கூரையிலேயே வைத்துக்கொண்டு இருந்தேன். கனநேரம் கழித்து வந்தவள், என் கோட்டுக்கு மேலேயே பச்சையால் அழுத்திக் கீறினாள். நானும் விடவில்லை. கூரை குப்பையாகிப் போனது. அவள் சிரித்தாள்.

அடுத்த கிழமை, மகள் நீல அம்புக்காரியோடு சண்டை பிடித்ததாக ரீச்சர் சொன்னார். அதன் பிறகு இருவரும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கிறார்களாம்.

"அம்மா, இனி வீட்டிலை கீற வேண்டாம். நாங்கள் பள்ளிக்கூடத்திலை கப்பல் கீறுறம்."

"ஆர் நாங்கள்?"

"நாங்கள்தான்."

அவள் விளையாடப் போனபின் மடிக்கணினியைத் திறந்து, தனியே இருந்து கப்பல் கீறிப் பழகினேன். எப்படி என்று கேட்டால் சொல்லிக்கொடுக்க வேண்டுமே. அவள் கேட்கவில்லை.