வாய் திறக்காதவனுக்கு விழுந்த சிரிப்பு

இருபத்திரண்டு வருடமாகச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் வேலை பார்க்கும் பெனடிக்ட், அந்த இரைச்சலில் பழகி ஜோக்கைக்கூடக் கத்தித்தான் சொல்வார். சுரங்கக் குடியிருப்பில், அவர்கள் பிளாக்கில் கிறிஸ்துமஸ் நாடகம் என்றால் கோமாளி வேடம் அவருக்குத்தான். ஆனால் அவர் மனைவி அன்னமேரி ஒருமுறைகூட வாய்விட்டுச் சிரித்ததில்லை.

அதே அன்னமேரி, ஞாயிறு மாலை கிளப்பில் போட்ட பழைய ஊமைப் படத்தைப் பார்த்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பித் திரும்பி எல்லோரையும் இடித்துத் தள்ளி, கடைசியில் தானும் விழுகிற ஒரு ஒல்லி மனிதனின் கதை அது.

"வாயத் தொறக்காமலே வயித்த வலிக்க வச்சிட்டான்" என்றாள் எதிர் குவார்ட்டர்ஸ் பிரபாவதி.

"வசனம் வேற இருந்திருந்தா செத்திருப்போம்" என்றார் அவள் கணவர்.

"விழறதெல்லாம் ஒரு நடிப்பா?" என்றார் பெனடிக்ட். யாரும் காதில் வாங்கவில்லை.

வீடு வந்தும் அவருக்கு வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

"நான் சொன்னா வராத சிரிப்பு, எவனோ ஒரு வெள்ளைக்காரனப் பாத்தா மட்டும் வருதோ?"

"நைட் ஷிப்ட் முடிச்சிட்டுப் பகல்ல தூங்குறீங்க. சத்தம் கேட்டா எழுந்து கத்துறீங்க. அதான் இத்தினி வருஷமா உங்களப் பாத்து வாயப் பொத்திகினுதாங்க சிரிக்கிறேன்."

"என்னப் பாத்தா? எதுக்கு?"

"தூக்கக் கலக்கத்துல பாத்ரூம்னு நெனச்சு பீரோவத் தொறந்து முட்டிகினு விழுவீங்களே, அதுக்கு."

பெனடிக்டின் மனம் கொஞ்சம் குளிர்ந்தது. ஆனாலும் விடவில்லை.

"சரி, யாரு பெட்டரு? அவனா, நானா?"

"நீங்கதாங்க. அவன் நடிச்சுதானே விழறான்."