ஊறின சுவரும் அக்காவின் கன்னமும்

இன்று மருந்துக் கடை கவுண்டரில் நின்றிருந்தபோது...

அக்கா மகள் இரண்டு பொருட்களை என் முன்னால் நீட்டினாள். ஒரு கையில் வால்நட் ஓட்டுத் தூள் போட்ட ஸ்க்ரப். இன்னொரு கையில் கிளைகாலிக் ஆசிட் சீரம்.

"சித்தி, நீங்க கெமிஸ்ட்ரிதானே? ரெண்டையும் சேத்துப் போட்டா சீக்கிரம் க்ளோ வருமா?"

தொண்ணூறுகளில், இதே மைசூரில், இவளுடைய அம்மா இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை. (கேட்காமலே போட்டுவிட்டாள்.)

அப்போது நான் பி.எஸ்ஸி. முடித்த புதிது. எங்கள் வீட்டில் முதல் பட்டம். அப்பா சொந்த ஊரான ராமாபுரத்திலிருந்து வந்து இங்கே கட்டட வேலை பார்த்தவர். அத்தைகளின் வீட்டுக்காரர்களுக்கும் அதே வேலைதான். கல்லூரியில் ஒரு சந்தேகம்கூட நான் எழுந்து கேட்டதில்லை. ஆனால் எந்த டப்பா கையில் கிடைத்தாலும் பின்பக்கத்தைப் படித்துவிடுவேன்.

அக்கா மஞ்சுளாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கன்னத்தில் பருத் தழும்புகள். பெண் பார்க்க வந்தபோது பவுடர் பூசிச் சமாளித்திருந்தாள். கல்யாணத்தன்று பவுடர் இல்லாமலே முகம் தெளிவாக இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா குவைத்தில் நர்ஸ். லீவில் வந்தவர் கல்யாணப் பெண்ணுக்கென்று ஒரு க்ரீம் ட்யூப் கொடுத்தார். நான் லேபிளைச் சத்தமாகப் படித்தேன். கிளைகாலிக் ஆசிட்.

அம்மா பதறிவிட்டாள்.

"ஆசிட்டா? கல்யாணப் பொண்ணு மூஞ்சிலயா?"

"கரும்புச் சாறுல இருக்கறதுதாம்மா."

"அப்ப கரும்பு வெளையற மண்டியா போயி ஒரு சொம்பு சாறு வாங்கிட்டு வந்து பூசிக்கச் சொல்லு."

அக்கா ஏற்கெனவே ஃபேன்ஸி ஸ்டோரில் வாங்கிய வால்நட் ஸ்க்ரப்பும் வீட்டில் இருந்தது. எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. என் இடது முழங்கையில் ஸ்க்ரப், வலது முழங்கையில் க்ரீம் என்று போட்டுப் பார்த்தேன். ஸ்க்ரப் உடனே வழவழப்பு காட்டியது, கூடவே கொஞ்சம் எரிச்சலும். க்ரீம் முதலில் ஒன்றுமே செய்யவில்லை. சில நாள் போனபின் அந்த முழங்கைதான் மிருதுவாக இருந்தது.

புரிந்தது இதுதான். தோலின் மேல்மட்டத்தில் செத்த செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. ஸ்க்ரப் அவற்றைச் சுரண்டி எடுக்கிறது. ஆசிட் அந்தப் பிடிப்பைத் தளர்த்துகிறது, அவை தாமாக உதிர்கின்றன. (தயிரில் இருக்கும் லாக்டிக் ஆசிட் இதற்குத் தங்கை மாதிரி, கொஞ்சம் சாது. பருவுக்குப் போடும் சாலிசிலிக் ஆசிட், எண்ணெயில் கரையும், அதனால் தோலின் துவாரத்துக்குள்ளேயே இறங்கும்.) ஒன்று வேலை செய்யும்போது இன்னொன்று வேண்டாம்.

அக்காவிடம் சொன்னேன்.

"சும்னிரு" என்று கன்னடத்தில் என் வாயை அடைத்தாள். "ரெண்டு போட்டா ரெண்டு மடங்கு."

ராத்திரி க்ரீம், காலையில் ஸ்க்ரப். கல்யாணத்துக்கு முந்தைய நாள், நலங்கு. அன்று காலை ஸ்க்ரப் போட்டு முகம் கழுவப் போனவள் என்னைக் குளியலறைக்குள் இழுத்தாள். பதறினால் அவளுக்கு 'டீ' போய்க் கன்னடத்துக் 'கணே' வந்துவிடும்.

"தண்ணி பட்டாலே எரியுது கணே. நாளைக்கு அவங்க வீட்டுல எல்லாரும் பாப்பாங்க. நான் என்ன பண்ணுவேன்?"

கன்னம் இரண்டும் சிவந்து, ஒரு மாதிரி பளபளத்தன.

வெளியே பெரிய அத்தை நலங்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தார். பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், வெயிலில் காய்ந்த ஆரஞ்சுத் தோல். ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கு நடுவில் உரசிப் பார்த்தேன். ஆற்று மணல்.

எங்கள் வீட்டு நலங்கில் அத்தைகள் வரிசையாக வந்து மணப்பெண் கன்னத்தில் இந்த மாவைத் தேய்ப்பார்கள். பூசுவது இல்லை, தேய்ப்பது. அழுத்தித் தேய்ப்பவருக்குப் பாசம் அதிகம் என்று கணக்கு.

அக்கா மனையில் உட்கார்ந்துவிட்டாள். பெரிய அத்தை மாவை அள்ளினார். நான் வாயைத் திறந்தேன்.

"அத்தை, மூஞ்சில தேய்க்க வேண்டாங்க."

"ஏங்கண்ணு?"

எல்லாத் தலைகளும் திரும்பின. படித்த கெமிஸ்ட்ரி மொத்தமும் மறந்துபோனது. அப்பாவின் வேலைதான் ஞாபகத்துக்கு வந்தது.

"பழைய சுண்ணாம்பைச் சொரண்டறதுக்கு முன்னாடி சுவத்துல தண்ணி அடிச்சு ஊற வைப்பாங்கல்ல? இவ மூஞ்சி இப்ப ஊறின சுவரு. காலைல சொரண்டியும் ஆச்சு. இன்னும் சொரண்டினா செங்கல் தெரியுங்க."

சின்ன அத்தை சிரித்துவிட்டார். பெரிய அத்தை சிரிக்கவில்லை.

"கன்னத்துல தேய்க்காம என்ன நலங்கு? நாளைக்கு மாப்பிள்ள ஊட்டுல, அத்தைக்காரி பட்டும் படாம நின்னான்னு பேசறதுக்கா?"

"இவளுக்குச் சந்தனம் தொட்டு வையுங்க. தேய்க்கறத கை காலுல தேய்ங்க."

"அப்ப கன்னத்துக்கு?"

வேறு வழி தெரியவில்லை. அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என் கன்னத்துல தேய்ங்க."

"பாத்தீங்களா, படிச்ச புள்ள தனக்கும் மாப்பிள்ள வேணும்னு எவ்வளவு நாசூக்கா கேக்குது" என்றார் சின்ன அத்தை.

இந்தத் தடவை பெரிய அத்தையும் சிரித்துவிட்டார். அப்புறம் அத்தனை பாசமும் வரிசையாக வந்து என் கன்னத்தில் இறங்கியது. அக்கா சந்தனத்தோடு உட்கார்ந்து, முந்தானைக்குக் கீழே என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அன்று அவள் முகத்தில் வேறு எதுவும் படவிடவில்லை. வெறும் தண்ணீர், கொஞ்சம் தேங்காய் எண்ணெய். மறுநாள் தழும்புகள் இருந்த இடத்திலேயே இருந்தன. சிவப்பு மட்டும் அடங்கியிருந்தது. மாப்பிள்ளை தழும்பைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

அந்தக் கல்யாணப் படம் என் ஃபோனில் இருக்கிறது. கவுண்டரில் வைத்தே கதையைச் சொல்லி அக்கா மகளுக்குக் காட்டினேன். முன்னால் அமைதியாக அக்கா. பின்னால், பழுத்த தக்காளியாக நான்.

"அம்மா இதைச் சொன்னதே இல்லையே சித்தி."

"எரிஞ்சது என் மூஞ்சி. அவளுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?"

ஸ்க்ரப்பைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டாள்.

பெரிய அத்தை இப்போதெல்லாம் நலங்கு மாவை வேட்டித் துணியில் சலித்துத்தான் கரைக்கிறார். கேட்டால், "எப்பவும் அப்படித்தான் கண்ணு" என்கிறார்.

உங்கள் வீட்டு நலங்கில் எப்படி? பூசுவார்களா, தேய்ப்பார்களா?

தேய்ப்பார்கள் என்றால், பக்கத்தில் உட்கார ஒரு தங்கை இருக்கிறாளா?